தொளதொள சாக்ஸ்

"கழட்டித் தொலையேன்டி" என்றாள் தொமியே, பல்லைக் கடித்துக்கொண்டு.

"மாட்டேன்."

"எனக்காகக் கழட்டு."

"நீ தைச்சதும்மா இது. நான் ஏன் கழட்டணும்?"

துணைத் தலைமையாசிரியர் ஒகுமுரா தொண்டையைச் செருமினார். மேசைக்கு இந்தப் பக்கம் தாயும் மகளும். அந்தப் பக்கம் அவரும் பெற்றோர் சங்கத் தலைவர் தெராதாவும். தெராதா ஊரின் பெரிய சாக்ஸ் ஆலைக்காரர். பதினொரு வருஷமாக அவருடைய ஆலையில்தான் தொமியே சாக்ஸின் விரல் முனை தைக்கிறாள்.

மகள் யுகாரியின் முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் மடிப்பு மடிப்பாகச் சரிந்து காலணியை மூடிக் கிடந்தது. டோக்கியோப் பள்ளிப் பெண்கள் ஆரம்பித்துவைத்தது. இப்போது நாடு முழுக்க அதுதான்.

"மூணாவது தடவை" என்றார் ஒகுமுரா. "இன்னிக்கு வாசல்ல ஸ்கேல் வச்சு அளந்தோம். நூத்திருபது சென்டிமீட்டர். இது சாக்ஸா, ஜன்னல் திரையா?"

"திரைக்கு யாரும் தடை போடலையே சார்."

"வாயை மூடு." தொமியே மகளின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். நெற்றி மேசையில் படக் குனிந்தாள். "மன்னிச்சிடுங்க சார். என் வளர்ப்பு சரியில்லை."

"மன்னிப்புக் கடிதம் எழுதுன்னா எழுத மாட்டேங்கறா. நானே எழுதி வச்சிருக்கேன். கையெழுத்துக்குப் பதிலா நீங்க உங்க பேர் முத்திரையை வச்சாப் போதும். நர்ஸிங் கல்லூரிக்கு இவ பேரைச் சிபாரிசு பண்ணிடறேன். இல்லேன்னா அந்த இடம் அடுத்த பொண்ணுக்குப் போயிடும்."

"போகட்டும். பிப்ரவரில நுழைவுத் தேர்வு எழுதிக்கறேன்" என்றாள் யுகாரி.

"யாரு, நீயா? கணக்குல பன்னெண்டு மார்க் வாங்கினவதானே நீ?"

தெராதா இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தார்.

"பொண்ணே, நான் சாக்ஸ் வியாபாரி. சாக்ஸ் மேல எனக்கு என்ன பகை? ஆனா ஒழுக்கம்னு ஒண்ணு இருக்கில்ல? டோக்கியோக்காரி எப்படியோ போகட்டும். நம்ம ஊர்ப் பொண்ணு போடலாமா? இந்தத் தடையைக் கொண்டுவரச் சொன்னதே நான்தான். எனக்கு நஷ்டம் வந்தாலும் பரவாயில்லைன்னு சொன்னேன். கேட்டுப் பாரு சாரை."

"சொன்னார்" என்றார் ஒகுமுரா, நெகிழ்ந்து.

தொமியேவுக்குக் கண் கலங்கியது. மூன்று வருஷம் முன்பு, சீனாவிலிருந்து மலிவுச் சரக்கு வந்து குவிந்தபோது ஆலையில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. பக்கத்து ஆலைகள் எந்திரங்களைப் பழைய இரும்புக்குப் போட்டன. இந்தத் தொளதொள சாக்ஸ்தான் வந்து காப்பாற்றியது. இப்போது இரண்டு ஷிப்ட் ஓடுகிறது. அப்படியும் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாரே மனுஷன்.

"பாத்துக்கோடி, பெரிய மனுஷன்னா யாருன்னு" என்றபடி கைப்பையிலிருந்து முத்திரையை எடுத்தாள்.

யுகாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சிவப்பு மை எடுத்துவர ஒகுமுரா அடுத்த அறைக்குப் போனார். தெராதாவின் செல்பேசி அடித்தது.

"ஆங், சொல்லுங்க. கோபே நகரத்துலயும் தடை போட்டாச்சா? எத்தனை பள்ளிக்கூடம்? ஆறா!" அவர் குரல் பூரித்தது. "நான் அன்னிக்கே சொல்லலை? தடை போட்டாத்தான் இதுங்க அடிச்சுப் பிடிச்சு வாங்கும். சும்மா விட்டா அடுத்த வருஷமே வேற எதுக்காவது தாவிடும். இங்க ஸ்கூல்ல ஒண்ணைப் பிடுங்கினா, ரயிலடிக் கடைல ரெண்டா வாங்குதுங்க. ஆமாமா, வாத்தியாருங்களை உசுப்பிவிட வேண்டியதுதான் நம்ம வேலை. அடுத்தது நூத்தம்பது சென்டிமீட்டர்ல விடறோம்."

செல்பேசியை மடக்கி, தொமியேயைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"திங்கக்கிழமையிலேர்ந்து மூணாவது ஷிப்ட், தொமியே. நீ நம்ம ஆளு, அதான் உன் எதிர்லயே பேசினேன். வெளில விட்டுடாதே."

"எங்க கால்லேர்ந்து கழட்டி எங்களுக்கே விக்கறீங்க" என்றாள் யுகாரி.

"அதுக்குப் பேர்தான் வியாபாரம். உனக்கு இன்னும் வயசு பத்தாது."

தொமியே அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒகுமுரா வந்தார். மைப்பெட்டியின் மூடியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். "இங்க வைங்கம்மா."

தொமியே கடிதத்தை முதல் வரியிலிருந்து படித்தாள். 'என் மகள் இழிந்த மோகத்துக்கு ஆட்பட்டு' என்று ஆரம்பித்தது.

"நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் எங்க சார் குடுப்பாங்க?"

"என்னம்மா சொல்றீங்க?"

"இன்னும் நாலு மாசம் இருக்கில்ல சார். கணக்கு படிச்சிடலாம்."

யுகாரி ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"தொமியே" என்றார் தெராதா மெதுவாக. "யோசிச்சுப் பேசு. நாளைக்கும் நீ ஆலைக்கு வரணும்."

"வருவேன் முதலாளி. மூணு ஷிப்டுக்கும் விரல் முனை தைக்க இந்த ஊர்ல வேற யாரு இருக்கா?"

எழுந்து வணங்கினாள். இந்தத் தடவை தலை அவ்வளவாகக் குனியவில்லை.

வாசலில் காலணி அலமாரி. பாடம் முடிந்த பிள்ளைகள் கூச்சல் போட்டபடி முட்டி மோதிப் போய்க்கொண்டிருந்தார்கள். யுகாரி பள்ளிக்குள் போடும் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, வெளியே போடும் ஷூவுக்குள் காலை நுழைத்தாள்.

இடது கால் சாக்ஸ் ஒரு பக்கமாகத் திருகியிருந்தது. தொமியே மண்டியிட்டாள். அதை முழங்கால்வரை இழுத்து, பின்னல் நேராக நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்படி மெல்லச் சரியவிட்டாள்.