ஜலதாரை அடைப்பு

"ஆட்டுக் குடலையெல்லாம் ஜலதாரையில போட்டா அடைச்சுக்காம என்ன செய்யும்?"

சந்து முழுக்கக் கேட்கட்டும் என்றுதான் கிளாடிஸ் சொன்னாள்.

பக்கத்து வீட்டு சகினா இரண்டு மாதப் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றாள். அவளுடையது தாழ்வான வீடு. ஆறு நாளாகச் சாக்கடை எதிர்த்துக்கொண்டு வந்து அவள் முற்றத்தில்தான் தேங்கி நின்றது.

மந்தைவெளியில் அந்தச் சந்து ரொம்பப் பழசு. இரண்டு வீட்டுக் கழிவும் ஒரே மண்குழாயில் சேர்ந்துதான் தெருவுக்குப் போகும். யார் வீட்டால் அடைப்பு என்று தெரிந்துகொள்ள மேஸ்திரி இசக்கிமுத்துவிடம் ஒரு வழக்கம் இருந்தது. மூங்கில் பிளாச்சை உள்ளே விட்டுக் குத்தி இழுப்பார். வருவதை நடுச் சந்தில் ஒரு கோணிமேல் பரப்பி வைத்துவிடுவார்.

"நாலு பேரு பாத்தாத்தான் மறுபடி போட மாட்டாங்க" என்பார்.

கார்ப்பரேஷன் ஓவர்சியர் துரைராஜ் நோட்டும் பென்சிலுமாக நின்றார். "எந்த வீடுன்னு தெரியட்டும். அந்த வீட்டு ஜலதாரையை ஒரு மாசத்துக்கு சிமெண்டு வெச்சு அடைச்சுடறேன்."

உள்ளே இருப்பது ஆட்டுக் குடல் இல்லை என்று கிளாடிஸுக்கு நன்றாகத் தெரியும்.

அரிசிக்குத் தட்டுப்பாடான காலம். பத்து நாளைக்கு முன் பதுக்கல் அரிசி தேடிச் சந்துக்குள் சோதனைக்காரர்கள் வந்தார்கள். மகள் மர்சலின் கல்யாணத்துக்கென்று அண்ணன் செங்கல்பட்டிலிருந்து கொண்டுவந்து போட்ட மூட்டை கட்டிலுக்கடியில் இருந்தது. புருஷன் அகஸ்டினுக்கோ ரேஷன் ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம். ரேஷன் குமாஸ்தா வீட்டிலேயே பதுக்கல் என்றால் வேலை போகும், ஜெயிலும் நிச்சயம். கொல்லை ஜலதாரையின் மூடியைத் தூக்கி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, இருந்த அரிசியையெல்லாம் உள்ளே தள்ளினாள். எலி புண்ணியத்தில் மூட்டை பாதிதான் இருந்தது. வாரா வாரம் அது இளைப்பதைப் பார்த்து, பக்கத்தில் ஒரு எலிப்பொறிகூட வைத்திருந்தாள். ஒரு எலியும் சிக்கவில்லை.

சோதனைக்காரர்கள் கடைசியில் அவள் வீட்டுப் படியே ஏறவில்லை. "இது நம்ம அகஸ்டின் சார் வீடு" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அரிசி மட்டும் உள்ளே ஊறிக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா இது, உள்ள பாறாங்கல்லு கணக்கா கீது!" இசக்கிமுத்து பிளாச்சைத் திருகினார். "தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்க. மேல தெறிச்சா என்னாண்ட சண்டைக்கு வராதீங்க."

கிளாடிஸ் முந்தானைக்குள் ஜெபமாலையை உருட்டினாள். "என்னங்க, வந்துடும் போலிருக்கே..."

லீவு போட்டுவிட்டு நின்ற அகஸ்டின் அவளைப் பார்க்கவில்லை. "சும்மா இரு" என்றார், உதடு அசையாமல்.

பொளக்கென்று பிளாச்சு வெளியே வந்தது. முதலில் தலைமயிர், தேங்காய் நார். அப்புறம் புளித்த நாற்றத்தோடு கட்டி கட்டியாக வெள்ளை. இசக்கிமுத்து ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"அரிசி சார்!"

"அரிசியா! மூணு மணி நேரம் க்யூல நின்னு வெறுங்கையோட வரோம். இங்கே எந்த மகராசி சாக்கடைக்குப் பொங்கிப் போட்டிருக்கா?" என்றாள் எதிர்வீட்டு சரோஜாதேவி.

துரைராஜ் இரண்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். "யார் வீட்டு அரிசி? சொல்லிடுங்க. இல்லேன்னா ரெண்டு வீட்டுப் பேரையும் ரேஷன் ஆபீஸுக்கு எழுதிப் போட்டுடுவேன்."

கிளாடிஸ் புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"எங்க வீட்டு அரிசிதான் சார்."

சொன்னவள் சகினா.

"புழு வெச்சுப் போச்சு. பச்சப் புள்ள இருக்குற வீடாச்சேன்னு கொட்டிட்டேன். ரேஷன்ல வாங்குனதுதான் சார்."

"ரேஷன்ல இவ்வளவு கொடுக்கிறாங்களா?"

"ஊறுனா பெருகும்ல சார்."

யாரோ சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. "சோத்தைக் கொண்டுபோய் சாக்கடையில கொட்டினா அல்லா கேக்க மாட்டாரா சகினா?" என்று ஒரு குரல் வந்தது. சகினா தலையைக் குனிந்துகொண்டாள். துரைராஜ் நோட்டில் எழுதினார். சற்று நேரத்தில் அவள் வீட்டு ஜலதாரையின் வாயில் சிமெண்டு ஏறியது.

"நீங்க அப்பவே சொன்னீங்க, இவங்க வீடுதான்னு" என்றாள் சரோஜாதேவி, கிளாடிஸிடம்.

கிளாடிஸ் ஈரம் காயாத அந்த சிமெண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கூட்டம் கலைந்தது. கிளாடிஸ் கொல்லைப் பக்கம் ஓடினாள். குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம், பேத்தியைக் குளிப்பாட்டிய தண்ணீரை வாளியில் அள்ளிக்கொண்டிருந்தாள் சகினா. இனிமேல் ஒவ்வொரு வாளியையும் தெருக்கோடிவரை தூக்கிக்கொண்டு போய்த்தான் ஊற்ற வேண்டும்.

"சகினா... எதுக்குடி அப்படிச் சொன்னே?"

சகினா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"என்னக்கா இப்படிக் கேக்குறீங்க? அரிசின்னதுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு. எம்மக ஜஹீதாவுக்குப் பால் வத்திப்போய், கஞ்சிக்கும் வழியில்லாம இருந்தப்போ, வெள்ளிக்கிழமை தவறாம இந்தச் சுவத்து மேல அரிசிப் பொட்டலம் வெச்சீங்களே! ரேஷன் ஆபீஸ் பாரத்துல மடிச்சு வெச்சா, யார் வீட்டுப் பொட்டலம்னு தெரியாதா எனக்கு?" சுவருக்கு மேலாகக் கையை நீட்டி, கிளாடிஸின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இந்தக் கையை நான் காட்டிக் கொடுப்பேனாக்கா?"

கிளாடிஸ் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

கொல்லைக் கதவருகே அகஸ்டின், ஒருநாளும் எலி சிக்காத அந்தப் பொறியைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.