மிஞ்சிய ஜோடி

போத்தனூர்ச் சாயப்பட்டறையில் பாய்லருக்குள் படிந்த உப்பைச் சுரண்ட இறங்குகிறவர்கள், நுழையும் மேன்ஹோல் ஓரமாகச் செருப்பைக் கழற்றிவிடுவார்கள். செருப்பு கிடக்கும்வரை யாரும் கதவை மூடமாட்டார்கள். தெரியாமல் மூடித் தீ போட்டால் உள்ளே இருப்பவர் வெந்தே போவார்.

அன்று எல்லோரும் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்ட பிறகும் ஒரு ஜோடி மிஞ்சியது.

"இது யாருதுங்க?" என்றார் பாய்லர்காரர் காளிச்சாமி.

"உங்க சம்மந்தி வந்திருப்பாருங்க," என்று உப்பு சுரண்டிவிட்டு வந்த வேலன் சிரித்தான்.

காளிச்சாமிக்குச் சிரிப்பு வரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தார். குழாய்கள்தான் தெரிந்தன.

"ஏனுங்க, உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

வேலன் கதவைத் தூக்கிப் பொருத்தப் போனான்.

அப்போதுதான் உள்ளேயிருந்து ஒரு குரல் பணிவாகச் சொன்னது: "சீக்கிரம் மூடித் தீயைப் போட்டுருங்க. ரொம்பக் குளுருதுங்க."