இன்னும் கீழே

"இங்கேயா?" என்று கேட்டாள் ரோனா.

பாதையின் குறுக்கே ஸ்ப்ரூஸ் மரத்தின் வேர்கள் மழையில் நனைந்து வழுக்கலாகக் கிடந்தன. பின்னால் வந்த தம்பி ஸ்ட்ரூவன் பிரேக்கைப் பிடித்து ஒரு காலை ஊன்றினான்.

"இல்ல. இன்னும் கீழே."

அவள் அதற்குள் சைக்கிளைக் கிளப்பிவிட்டாள்.

போன வசந்தத்தில், இதே ட்வீட் பள்ளத்தாக்குக் காட்டில், இதே இறக்கத்தில்தான் அவள் விழுந்தாள். அப்படித்தான் சொல்கிறார்கள். அன்று காலையில் தேநீர் பிளாஸ்க்கை வேனில் வைத்தது நினைவிருக்கிறது. அடுத்தது ஆஸ்பத்திரியின் கூரை. நடுவில் ஒன்றுமே இல்லை.

எல்லாவற்றையும் பார்த்தவன், பின்னாலேயே வந்துகொண்டிருந்த ஸ்ட்ரூவன் மட்டும்தான். டாக்டரிடம் சொன்னான், அம்மாவிடம் சொன்னான். அக்கா கேட்டால் மட்டும் கெட்டிலில் தண்ணீர் வைக்க எழுந்து போய்விடுவான்.

எந்த இடம் என்று தெரியாததால் அவளுக்கு மலை முழுவதுமே அந்த இடமாகிவிட்டது. தூக்கத்தில் விழுவாள். தரையைத் தொடும் முன் விழித்துக்கொள்வாள். ஒருமுறை அதை நேருக்கு நேர் பார்த்துவிட்டால் போதும் என்று இன்று அவனைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள்.

வளைவு தாண்டியதும் ஒரு தட்டைப் பாறை. அதன் விளிம்பில் பாதை அறுந்து, இடுப்பளவு ஆழத்தில் மறுபடி தொடங்கியது. யோசிக்க நேரமில்லை. பறந்து, இறங்கி, காடே அதிரக் கூவினாள்.

திரும்பிப் பார்த்தால் அவனைக் காணோம்.

கொசுக்கூட்டம் கழுத்தைப் பிடுங்கியது. வெகுநேரம் கழித்து வந்து சேர்ந்தான்.

"நத்தைகூட உன்னை முந்திடும்டா!"

"சங்கிலி கழண்டுக்கிச்சு."

"சரி, இங்கேயா?"

"கீழே."

அதன்பிறகு அவள் ஒவ்வொன்றையும் சந்தேகப்பட்டாள். அந்த அடிக்கட்டை. அந்தப் பள்ளம். கைப்பிடி உரசும்படி நெருங்கி நின்ற இரண்டு மரங்கள். பிரேக் பிடித்துப் பிடித்துக் கை மரத்துப்போனது. ஒவ்வொரு இடத்திலும் நின்று திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அவன் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினான்.

சட்டென்று மரங்கள் விலகின. சரளைக்கல் சாலை. வரிசையாக வேன்கள். யாரோ சைக்கிளுக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

"முடிஞ்சே போச்சேடா! எங்க?"

ஸ்ட்ரூவன் சைக்கிளிலிருந்து இறங்கவில்லை.

"அந்தப் பாறை," என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வருஷமாகத் தூங்க விடாமல் அடித்தது அதுதானா? பாட்டுப் பாடாத குறையாகத் தாண்டி வந்தோமே.

"அங்கேயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

அப்போதுதான் கவனித்தாள். அவன் கைப்பிடியிலிருந்து விரல்களை எடுக்க முயன்றுகொண்டிருந்தான். அவை வரவில்லை. அவள் தன் கையுறையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள்.

"சங்கிலி கழலல," என்றான். "மேலயே நின்னுட்டேன். நீ கத்துறது கேட்ட பிறகுதான், தள்ளிக்கிட்டு வந்தேன்."

ஒரு வருஷத்தில் ஒருமுறைகூடக் கேட்காத கேள்வியை அவள் கேட்டாள்.

"அன்னைக்கு நீ என்னடா பண்ணினே?"

அவன் சரளைக்கல்லைப் பார்த்தபடி பேசினான்.

"உன் தலை அசையக் கூடாதுன்னு ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தேன். ஆளுங்க வர்ற வரைக்கும். நீ முழிச்சுக்கிட்டுதான் இருந்தே. என் முகத்தையே பாத்துக்கிட்டு, 'நீங்க யாரு, நீங்க யாரு'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தே."

பக்கத்தில் தண்ணீர் பீய்ச்சும் சத்தம் நின்றிருந்தது.

அவள் அவன் தலைக்கவசத்தின் வாரை அவிழ்த்து, அதைக் கழற்றி, சேறு படிந்த அந்த முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஸ்ட்ரூவன்," என்றாள்.

மறுபடியும் சொன்னாள்.