ஒரே ஒரு வெற்றி போதும்

"அக்கா, திரையை விலக்கிப் பாருங்க! உங்க வீட்டுக்காரர் வண்டி புகையுது!"

கதவைத் தட்டியவள் பக்கத்து வேன் ஷெல்பி. கார்ப் பந்தய ஓட்டுநர் ஒருவனைக் கட்டிக்கொண்டு மூன்று மாதம்தான் ஆகிறது.

நெட்டி திரையை விலக்கவில்லை. பத்தொன்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் செய்வது இது ஒன்றுதான்: பந்தயப் பாதைக்கு நடுவே உள்ள திடலில் நிறுத்திய வேனுக்குள் திரையை இழுத்துவிட்டு, தேவாலயப் பாட்டை உரக்க வைத்துக்கொண்டு, கோழி பொரிப்பாள். பந்தயச் சட்டம் ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டேன் என்று வீம்பு.

"ஆளுக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லக்கா. இன்ஜின்தான் போச்சு. இறங்கி நடந்து போறார்."

"அப்பாடா! சாப்பாட்டுக்கு வந்துடும் அந்த மனுஷன்."

அவள் புருஷன் ஹாலிஸுக்கு வயது நாற்பத்து நான்கு. ஐந்நூறு பந்தயத்துக்கு மேல் ஓட்டியும் ஒன்றில்கூட ஜெயித்ததில்லை. இரண்டு வருஷம் முன்பு சுவரில் மோதி இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கட்டிலருகே நெட்டி அழுத அழுகையில், "ஒரே ஒரு ரேஸ் ஜெயிச்சுக்கறேன், நெட்டி. ஜெயிச்ச அன்னிக்கே ஹெல்மெட்டைக் கழட்டிட்டு ஓட்டறதையே விட்டுடறேன். சத்தியம்!" என்றான்.

அன்றிலிருந்து அவன் ஜெயிக்கவேண்டும் என்று அவள் ஜெபிக்காத நாள் இல்லை. அதற்கப்புறம் நான்கு தடவை இரண்டாம் இடம் வந்தான். நூலிழையில் போயிற்றே என்று ஒவ்வொரு தடவையும் அவள்தான் அழுதாள்.

கோழி ஆறியது. ஹாலிஸ் வரவில்லை. ஷெல்பிதான் மறுபடி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அக்கா! ஹாலிஸ் அண்ணன் முதல்ல வர்றார்!"

"வண்டிதான் போச்சுன்னியே?"

"இது ஜெப் வண்டிக்கா! அந்தப் பய நேத்து வேகவைக்காத சிப்பிக்கறியா விழுங்கியிருக்கான். வயித்தைப் புடிச்சிக்கிட்டு பாதியில இறங்கிட்டான். ரெண்டு வண்டிக்கும் ஒரே முதலாளிதானே, அண்ணன் தாவி ஏறிட்டார். கடைசியில கிடந்த வண்டிக்கா அது! இன்னும் எட்டே சுத்துதான்!"

நெட்டி கையில் கரண்டியோடு வேன் கூரைமேல் ஏறினாள். வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்த்தாள்.

சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. மற்றவர்கள் வேகத்தைக் குறைக்கும் வளைவில் அவன் குறைக்கவில்லை. பின்னால் வந்தவன் இடித்தான். வண்டி பக்கவாட்டில் சறுக்கியது. நெட்டிக்கு உயிரே போய் வந்தது. தொட்டில் பிள்ளையைத் திருப்பிப் படுக்கவைப்பதுபோல ஹாலிஸ் அதை நேராக்கினான். அடேயப்பா! இதையா பத்தொன்பது வருஷம் பார்க்காமல் இருந்தோம்?

கட்டம் போட்ட கொடி இறங்கியது. ஹாலிஸ்தான் முதலில்!

ஷெல்பியைக் கட்டிக்கொண்டு நெட்டி ஓவென்று அழுதாள். பிறகு கீழே இறங்கி, ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து, ஆணியில் தொங்கிய அவன் மாற்றுக் கையுறைகளை உள்ளே போட்டாள். ஆண்டவரே, இனிமேல் பயமில்லை.

அரைமணி கழித்து ஹாலிஸ் வியர்வையில் தெப்பமாக நனைந்து வந்தான். பெட்டியைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னமா ஓட்டினேய்யா!" என்றாள் நெட்டி. " என் கண்ணே பட்டிருக்கும். சரி, ஹெல்மெட்டைக் குடு. ஆமா, கோப்பை எங்கே?"

"ஜெப்கிட்ட. ஒரு கையில கோப்பை, இன்னொரு கையில வாளி. போட்டோவுக்கு நிக்கிறான்."

"ஓட்டினது நீ, கோப்பை அவனுக்கா?"

"அந்த வண்டியில ரேஸை எவன் ஆரம்பிச்சானோ அவன்தான் ஜெயிச்சவன். சட்டம் அப்படி. என் பேருக்கு நேரா இன்னிக்கும் பூஜ்யம்தான்."

"ஏறும்போதே இது உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன?"

"தெரிஞ்சுமாய்யா இப்படி உசிரைக் குடுத்து ஓட்டினே?"

ஹாலிஸ் கையுறைகளை எடுத்து மறுபடி ஆணியில் மாட்டினான். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"இந்த ரெண்டு வருஷத்துல நாலு தடவை, கடைசிச் சுத்துல வேணும்னே ஆக்ஸிலரேட்டர்லேருந்து காலை எடுத்தேன் நெட்டி, ஜெயிச்சா விடணுமேன்னு. இன்னிக்குத்தான் எடுக்காம ஓட்டக் கிடைச்சுது."