அரை மணி நேர அமைதி

"ஜப்பான்காரங்க மாதிரி டீ குடிச்சா டென்ஷனெல்லாம் போயிடும்" என்று மனைவி சொன்னதிலிருந்து, அட்டைப்பெட்டித் தொழிற்சாலை முதலாளி தினமும் காலையில் மண்டியிட்டு உட்கார்ந்து, பேசாமல் பச்சைத் தேநீர் குடிக்கிறார். ஒரு மாதமாகியும் ஐந்து நிமிடம் தாண்டியதில்லை. அதற்குள் கை போனைத் துழாவும்.

இன்று அரை மணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"மனசுல என்னங்க ஓடுச்சு?"

"ஒண்ணும் ஓடல."

"அதுதான் வேணும்! இருங்க, எங்க அண்ணன்கிட்ட சொல்றேன்" என்று பூரித்துப்போய் எழுந்தாள்.

விடியற்காலையில் தொழிற்சாலை மொத்தமும் எரிந்து சாம்பலாகிவிட்டது என்று காவலாளி போனில் அழுததை அவளிடம் எப்படிச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. காலிக் கிண்ணத்தை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா."