பூப்போன்ற ஸ்டிக்

ஆறு பேர் அமரும் அந்தச் சிறிய ஜெட்டைப் பற்றி யார் கேட்டாலும் கேப்டன் ரெஜினா அதை ஓட்டும் கைப்பிடியைத் தொட்டுக் காட்டி ஒன்றைத்தான் சொல்வார்: "ஸ்டிக் பூ மாதிரிங்க. மனசுல நெனச்சாலே திரும்பும்."

மதுரையில் இறங்கும்போது ஜெட் தரையில் மோதி டயர் வெடித்தது. பயணம் செய்த தொழிலதிபருக்குத் தோள்பட்டை முறிந்தது. விசாரணை அறிக்கையில் விமானியின் தவறு என்று எழுதி ரெஜினாவின் உரிமத்தைப் பறித்தார்கள்.

கடைசி நொடியில் ஸ்டிக்கைப் பலமாக இழுத்தது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஜெட் நின்ற ஹேங்கருக்குப் போய் ஸ்டிக்கின் அடிமூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு ஸ்பிரிங் மட்டுமே இருந்தது.

"இது எதோடயும் சேரலையே, இசக்கி!"

"வாங்கினதுலேருந்தே அப்படித்தான், மேடம். விமானம் தானே ஓட்டிக்கும்," என்றார் மெக்கானிக். "முன்சீட்டுல ஆள் இல்லேன்னா ஏறுறவங்க பயப்படுறாங்கல்ல."

ரெஜினா மேலாளர் அறைக்குள் புகுந்து ஸ்பிரிங்கை மேசைமேல் அறைந்தார். "நான் ஓட்டவே இல்லையே! என் மேல எப்படி சார் தப்பு?"

"விமானத்து மேல தப்புன்னு எழுதினா இதே மாதிரி ஓடுற நாப்பது விமானமும் நிக்கணும்," என்றார் அவர், குரலை உயர்த்தாமல். "உங்க மேல எழுதினா நீங்க மட்டும்தானே, மேடம்."

ரெஜினா வெளியே வந்தபோது, டயர் மாற்றிய ஜெட்டிலிருந்து புதிய விமானி சோதனை ஓட்டம் முடித்து இறங்கினார்.

"ஸ்டிக் பூ மாதிரி இருக்கு, மேடம்!" என்றார்.