கனமில்லாத பேட்டரி

“இருக்கறதுலயே கனம் கம்மியா ஒரு பேட்டரி வேணுமுங்க பாய்.”

கேட்டது மூக்கன். ஏற்காட்டில் காப்பிக்கொட்டை மூட்டையை ஒற்றை ஆளாக லாரியில் ஏற்றுகிற சுமைக்காரன். ஹனீபா பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேட்டரிக் கடை வைத்த நாளிலிருந்து, கனமாக இருக்கிறது என்று முறையிட்டவர்கள் உண்டு. அந்த வரிசையில் இவன் வந்து நிற்பான் என்று அவர் நினைத்ததில்லை.

“யாருக்குப்பா?”

“எங்க ஊருக்குத்தானுங்க. மாரமங்கலத்துக்கு மேல. ஒரு பல்பு எரியோணும். பொழுது எறங்குனா விடியற வரைக்கும் அணையக் கூடாது. நடுவுல அணைஞ்சா எல்லாமே கெட்டுதுங்க. சாயங்கால பஸ்ஸுக்கே எடுத்துட்டுப் போவோணும். இனி பத்து நாளைக்கு நான் மூட்டை தூக்க வரமாட்டேன்.”

பாய்க்கு விஷயம் விளங்கிவிட்டது. கரண்ட் இல்லாத ஊரில், வேலைக்கு லீவு போட்டுவிட்டு, விடிய விடிய விளக்கு. வேறென்ன, சீட்டாட்டம்தான்.

“நொம்ப பெரிய ஜமாவா இருக்குமாட்ட இருக்குது” என்றார் ஜேசுதாஸ். தன் ஜீப் பேட்டரிக்கு சார்ஜ் ஏறட்டும் என்று டீயும் கையுமாக உட்கார்ந்திருந்த டிரைவர்.

மூக்கன் காதில் வாங்கவில்லை. அடுக்கியிருந்த பேட்டரிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். ஒன்றைத் தூக்கியதும் முகம் மலர்ந்தது.

“இது நல்லா லேசா இருக்குதுங்க. இதையே குடுங்க.”

“அதுல இன்னும் ஆசிட்டே ஊத்தலைப்பா. புதுசு அப்படித்தான் வரும். ஊத்துனா கனம் ஏறிரும்.”

“அப்ப ஊத்தாமயே குடுங்களேன்.”

ஜேசுதாஸுக்கு டீ புரையேறியது.

பாய் பொறுமையாகச் சொன்னார். “இந்தா, பைக் பேட்டரி. கனம் கம்மிதான். ஆனா இது வண்டியைக் கெளப்ப ஒரு எத்து எத்தும், அவ்வளவுதான். ராத்திரி பூரா எரியவிட்டுக் காலி பண்ணுனா சீக்கிரம் செத்துரும். லாரி பேட்டரி கொஞ்சம் தாங்கும். நீ தூக்கற மூட்டைக்கு அதெல்லாம் ஒரு கனமா?”

“லாரி பேட்டரி வேண்டாமுங்க.”

பாய் பெருமூச்சு விட்டு, கண்ணாடி அலமாரியிலிருந்து செங்கல் அளவில் ஒன்றை எடுத்து வைத்தார். “எமர்ஜென்சி லைட்டுக்குப் போடற சீல் பேட்டரி. ஆசிட் ஊத்தற வேலை இல்லை. கொஞ்சங் கொஞ்சமா விடிய விடியக் குடுக்கும். காலியானாலும் மறுபடி ஏத்திக்கலாம். என்ன, விலைதான் சாஸ்தி.”

“விலை இருக்கட்டுமுங்க. சாஞ்சா உள்ள இருக்கறது கொட்டுமுங்களா?”

“கவுத்தாக்கூடக் கொட்டாது.”

“ஒடம்புல பட்டா ஷாக் அடிக்குமுங்களா?”

“அடிக்காது.”

“நேரமாக ஆகச் சூடேறுமுங்களா?”

“ஏப்பா, நீ பேட்டரி வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?”

மூக்கன் ஸ்டூலில் உட்கார்ந்தான். பேட்டரியை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, முழங்காலை ஆட்டி ஆட்டிப் பார்த்தான். கண்ணை வேறு மூடிக்கொண்டான்.

“தாலாட்டு ஒண்ணு பாடீரு” என்றார் ஜேசுதாஸ்.

பாய்க்கு நிஜமாகவே எரிச்சல் வந்துவிட்டது. “கல்லாட்டம் ஒடம்பை வெச்சுக்கிட்டு, இத்தனூண்டு பேட்டரிக்கு இந்தப் பாடா? ராத்திரி சீட்டாடப் போறவனுக்கு இவ்வளவு சொகுசு கேக்குதா?”

மூக்கன் கண்ணைத் திறந்தான். “சீட்டுங்களா? நானா இருந்தா லாரி பேட்டரியையே தோள்ல வெச்சுக்கிட்டுப் போயிருவேனுங்க. இது வள்ளிக்கு. என் தம்பி பொஞ்சாதி. அவளுக்கு இது நெறமாசம்.”

“அட பாவி! நெறமாசக்காரி தலையிலயா இதைக் கட்டப் போறே?” பாய் எழுந்தே விட்டார். “நாலு ஆம்பளை இருக்கற ஊருதானே அது?”

“நாலு பேர்தானுங்க இருக்கறோம். மத்தவங்க எல்லாம் வேலைக்குக் கீழ போயிட்டாங்க.” மூக்கன் பேட்டரியை மடியிலிருந்து எடுக்கவில்லை. “ராத்திரியில வலி கண்டா, கம்புல தூளி கட்டித்தான் ரோட்டுக்குத் தூக்கிட்டு வரோணும். போன மழைக்கு அம்மாசி பொஞ்சாதியை அப்படித்தான் தூக்கிட்டு வந்தோம். கம்புல கட்டுன பெட்ரோமாக்ஸ் ஆடி ஆடி மேண்டில் உதிர்ந்து வெளக்கே அணைஞ்சு போச்சுங்க. அடுத்த காலை எங்க வெக்கறதுன்னு தெரியலை. பாறை மேலயே உக்காந்துட்டோம். விடிஞ்சப்ப, ஆஸ்பத்திரிக்குப் போற வேலை இல்லாமப் போச்சு.”

ஜேசுதாஸ் டீ கிளாசைக் கீழே வைத்தார்.

“அதுக்கு, லைட்டை உங்கள்ல ஒருத்தர் புடிச்சுக்கக் கூடாதா மூக்கா?” பாயின் குரல் இறங்கியிருந்தது.

“முன்னால ரெண்டு பேரு, பின்னால ரெண்டு பேரு கம்பு புடிக்கோணுமுங்க பாய். பேட்டரியை மடியில வெச்சுக்கிட்டு, பாறை பாத்துப் பல்பைத் திருப்பிக் காட்டறதுக்குக் கை சும்மா இருக்கறது அவ ஒருத்திதானுங்க.”